பரஸ்பர நிதிகளில் சிறு முதலீட்டின் எதிர்பார்ப்பு வருவாய்

எதிர்பார்ப்பு வருவாய் என்பது, பரஸ்பர நிதி ஒன்றில் இடப்படும் பணம் குறிப்பிட்ட காலத்தில் சராசரியாக எந்த அளவுக்கு வளரக்கூடும் என்பதற்கான மதிப்பீடு ஆகும். இது வட்டி வீதம் அன்று, வாக்குறுதியும் அன்று. வங்கி வைப்பிலோ அஞ்சலகத் தொடர் வைப்பிலோ பணம் இடுபவருக்கு முதிர்வுத் தொகை முதல் நாளிலேயே தெரிந்துவிடுகிறது. பரஸ்பர நிதியில் பணம் இடுபவருக்கு அது பணத்தைத் திரும்ப எடுக்கும் நாளில்தான் தெரியவரும். இந்த வேறுபாடு சிறியதாகத் தோன்றினாலும், இதனை உணராததால் இந்தியாவில் இலட்சக்கணக்கான குடும்பங்கள் 2001 ஆம் ஆண்டில் பெரும் இக்கட்டுக்கு உள்ளாயின. மாதம் ஆயிரம் ரூபாய் அளவில் சேமிக்கும் ஒருவரின் நோக்கில் இக்கருத்து இங்கு விளக்கப்படுகிறது.

பெயரும் வரையறையும்

பலரிடம் இருந்து சிறு சிறு தொகைகளாகத் திரட்டிய பணத்தை நிறுவனப் பங்குகளிலும் கடன் பத்திரங்களிலும் முதலீடு செய்து, அதன் இலாப நட்டத்தைப் பணம் இட்டவர்களுக்கே பகிர்ந்தளிக்கும் அமைப்பு பரஸ்பர நிதி எனப்படுகிறது. தமிழ் நாளிதழ்களில் இதனை மியூச்சுவல் ஃபண்ட் என்றே எழுதுவதும் உண்டு. இலங்கையில் யூனிட் டிரஸ்ட் என்ற பெயர் பெருவழக்காக உள்ளது.

நிதியின் மொத்தச் சொத்து மதிப்பில் இருந்து செலவுகளையும் கடன்களையும் கழித்து, மீதத்தை அலகுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது ஓர் அலகின் நிகரச் சொத்து மதிப்பு ஆகும். முதலீட்டாளர் இந்த விலையில் அலகுகளை வாங்குகிறார். பின்னர் அன்றைய விலையில் விற்கிறார். இவ்விரு விலைகளுக்கும் இடையிலான வேறுபாடும், இடையில் பெற்ற பங்காதாயமும் சேர்ந்ததே அவரது வருவாய்.

இங்கு ஒரு பரவலான தவறான எண்ணத்தைச் சுட்ட வேண்டும். புதிய திட்டங்களின் அலகுகள் பெரும்பாலும் 10 ரூபாய்க்கு விற்கப்படுவதால் அவை மலிவானவை என்றும், 200 ரூபாய் மதிப்புள்ள பழைய திட்டத்தின் அலகு விலை மிகுந்தது என்றும் பலர் கருதுகின்றனர். இது சரியன்று. இரு நிதிகளும் ஒரே பங்குகளை ஒரே விகிதத்தில் வைத்திருந்தால், சந்தை பத்து விழுக்காடு உயரும்போது 10 ரூபாய் 11 ஆகும். 200 ரூபாய் 220 ஆகும். ஆயிரம் ரூபாய் இட்டவருக்கு இரண்டிலும் கிடைப்பது 1,100 ரூபாயே. 1994 ஆம் ஆண்டு சனவரியில் மார்கன் ஸ்டான்லி வளர்ச்சி நிதி அறிமுகமானபோது, புதிய நிறுவனப் பங்கு ஒன்று வெளியாவது போல எண்ணிப் பெருந்திரளான மக்கள் விண்ணப்பித்தனர். அந்த 10 ரூபாய் அலகு அதன் பின்னர் பல ஆண்டுகள் பங்குச் சந்தையில் 10 ரூபாய்க்குக் கீழேயே விற்றது.

வருவாய் எங்கிருந்து வருகிறது

சீட்டில் வரும் ஆதாயம் எங்கிருந்து வருகிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவசரத் தேவைக்காகத் தள்ளிச் சீட்டெடுப்பவர் விட்டுக்கொடுக்கும் தொகையே மற்றவர்களுக்குப் பகிரப்படுகிறது. பரஸ்பர நிதியின் ஆதாயத்துக்கும் இதேபோன்ற ஓர் ஊற்று இருக்க வேண்டும்.

அரியலூர் மாவட்டத்தில் உள்ள உடையார்பாளையத்தை எடுத்துக்கொள்வோம். கைத்தறி நெசவும் முந்திரி, நிலக்கடலை ஆகிய பயிர்களும் இவ்வட்டாரத்தில் அறியப்பட்டவை. மாவட்டத்தின் மற்றொரு அடையாளம் சுண்ணாம்புக்கல். அதனைச் சார்ந்து பல சிமெண்ட் ஆலைகள் இங்கு இயங்குகின்றன. அவற்றுள் ஒன்று அல்ட்ராடெக் நிறுவனத்தின் ரெட்டிபாளையம் ஆலை. அல்ட்ராடெக் பங்கு நிஃப்டி 50 குறியீட்டில் இடம்பெற்ற ஒன்று. எனவே உடையார்பாளையத்தில் இருக்கும் ஒருவர் அக்குறியீட்டைப் பின்பற்றும் நிதியில் ஆயிரம் ரூபாய் இட்டால், அதில் ஒரு மிகச் சிறு பகுதி அவருடைய மாவட்டத்திலேயே உள்ள ஆலையின் உரிமையாகிறது. சுண்ணாம்புக்கல் லாரிகள் எழுப்பும் புழுதியை அவர் முன்பே அறிவார். இலாபத்தில் ஒரு துளி பங்கு என்பது மட்டுமே புதிது.

பங்கு சார்ந்த நிதியின் வருவாய்க்கு மூன்று ஊற்றுகள் உள்ளன. நிறுவனங்கள் வழங்கும் பங்காதாயம் முதலாவது. அவற்றின் இலாப வளர்ச்சி இரண்டாவது. அதே இலாபத்துக்குச் சந்தை தர முன்வரும் விலையில் ஏற்படும் மாற்றம் மூன்றாவது. முதல் இரண்டும் மெதுவாகவும் ஓரளவு நிலையாகவும் நகர்பவை. மூன்றாவது மக்களின் அச்சத்தையும் ஆசையையும் பொறுத்தது. ஓராண்டில் வருவாயை இரட்டிப்பாக்கவும் முற்றிலும் அழிக்கவும் வல்லது. நீண்ட காலத்துக்கான மதிப்பீடு முதல் இரண்டையும் அடிப்படையாகக் கொள்ளும்போதுதான் பொருளுடையதாகிறது. சென்ற ஆண்டு ஒரு நிதி 40 விழுக்காடு வளர்ந்தது என்ற செய்தி பெரும்பாலும் மூன்றாவதைப் பற்றியது.

யூனிட் 64 திட்டம்

இந்தியாவில் பரஸ்பர நிதியின் தொடக்கம் 1963 ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய யூனிட் டிரஸ்ட் ஆஃப் இந்தியா சட்டம் ஆகும். அப்போது நடுவண் நிதியமைச்சராக இருந்தவர் தமிழகத்தைச் சேர்ந்த டி. டி. கிருஷ்ணமாச்சாரி. சிறு சேமிப்பாளர்களும் நாட்டின் தொழில் வளர்ச்சியில் பங்கு பெறவேண்டும் என்பது இதன் நோக்கமாகக் கூறப்பட்டது. 1964 சூலை 1 அன்று இந்நிறுவனத்தின் முதல் திட்டமான யூனிட் 64 தொடங்கியது. அலகின் முகமதிப்பு 10 ரூபாய்.

இத்திட்டத்தில் ஒரு விந்தை இருந்தது. அலகின் விலை அதன் சொத்து மதிப்பைக் கொண்டு கணக்கிடப்படவில்லை. நிறுவனமே விலையை அறிவித்தது. சூலையில் தொடங்கி மாதந்தோறும் சிறிது சிறிதாக விலை ஏறும். ஆண்டுதோறும் பங்காதாயம் வழங்கப்படும். முதலாண்டில் 6.1 விழுக்காடாக இருந்த பங்காதாயம் 1990களின் முற்பகுதியில் 26 விழுக்காடு வரை உயர்ந்தது. முப்பதாண்டுகளுக்கு மேலாக விலை இறங்கியதே இல்லை என்பதால், ஓய்வூதியர்களும் கைம்பெண்களும் சிறு வணிகர்களும் இதனை அரசு வழங்கும் உயர் வட்டி வைப்பாகவே கருதினர். முகவர்களும் அப்படியே சொல்லி விற்றனர். ஏறத்தாழ இரண்டு கோடிக் கணக்குகள் இதில் இருந்ததாகக் கூறப்படுவது வழக்கம்.

உண்மையில் நிதியின் பெரும்பகுதி மெல்ல மெல்லப் பங்குகளுக்கு மாறியிருந்தது. பங்குகளின் விலை வீழ்ந்தபோதும் அறிவிக்கப்பட்ட அலகு விலை வீழவில்லை. 1998 ஆம் ஆண்டில் காப்பு நிதி எதிர்மறையாகிவிட்டது வெளிப்பட்டது. தீபக் பரேக் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. நிதியிடம் இருந்த பொதுத்துறைப் பங்குகளை 3,300 கோடி ரூபாய் அளவில் அரசு ஏற்றுக்கொண்டு உதவியது. எனினும் விலையைச் சொத்து மதிப்போடு இணைக்கும் சீர்திருத்தம் தள்ளிப்போடப்பட்டது.

2001 ஏப்ரல், மே ஆகிய இரு மாதங்களில் 4,000 கோடி ரூபாய்க்கு மேல் இத்திட்டத்தில் இருந்து வெளியேறியது. எடுத்தவர்களில் பெரும்பான்மைத் தொகைக்கு உரியவை பெருநிறுவனங்கள். அவை அலகு ஒன்றுக்கு 14 ரூபாய்க்கு மேல் பெற்றுச் சென்றன. சூலை 2 அன்று அலகுகளின் விற்பனையும் மீட்பும் ஆறு மாதங்களுக்கு நிறுத்தி வைக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. மகளின் திருமணத்துக்கும் மருத்துவத்துக்கும் என்று பணத்தை வைத்திருந்தவர்கள் அதனைத் தொட இயலாமல் நின்றனர். எதிர்ப்புக்குப் பின், ஆகத்து முதல் ஒருவர் 3,000 அலகுகள் வரை 10 ரூபாய்க்கு விற்கலாம் என்றும், இவ்விலை மாதம் 10 காசு வீதம் உயர்ந்து 2003 மே மாதத்தில் 12 ரூபாய் ஆகும் என்றும் சலுகை அறிவிக்கப்பட்டது. 2001 திசம்பர் இறுதியில் அலகின் உண்மையான சொத்து மதிப்பு வெளியிடப்பட்டபோது அது 5 ரூபாய் 81 காசாக இருந்தது.

அதாவது, 14 ரூபாய்க்கும் 5.81 ரூபாய்க்கும் இடையிலான தொகை எங்கும் இல்லாத ஒன்று. முன்னே வெளியேறியவர்கள் அதனைப் பின்னே இருந்தவர்களின் பங்கில் இருந்து எடுத்துக்கொண்டனர் என்பதே கணக்கின் பொருள். இந்நிகழ்வை நாடாளுமன்றக் கூட்டுக்குழு விசாரித்தது. 2002 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி நிறுவனம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. யூனிட் 64 அலகுகள் 2003 ஆம் ஆண்டில் 6.75 விழுக்காடு வரியற்ற கடன் பத்திரங்களாக மாற்றப்பட்டு, 2008 ஆம் ஆண்டில் பணமாகத் திருப்பித் தரப்பட்டன. சிறு முதலீட்டாளரின் இழப்பைக் குறைத்தது நிதியின் வருவாய் அன்று. அரசுக் கருவூலம், அதாவது வரி செலுத்துவோர் பணம்.

இதன் பின்னர் தினசரிச் சொத்து மதிப்பை வெளியிடுவது எல்லாத் திறந்தநிலைத் திட்டங்களுக்கும் பொதுவான நடைமுறையாகிவிட்டது. நிதியை நிறுவியவரோ மேலாண்மை நிறுவனமோ முழுப் பொறுப்பேற்று உறுதி அளித்தாலன்றி, எந்தத் திட்டமும் உறுதியான வருவாயை வாக்களிக்கக் கூடாது என்பது செபியின் 1996 ஆம் ஆண்டு விதிகளில் இடம்பெற்ற ஒன்று. முகவர் ஒருவர் வாய்மொழியாக "இவ்வளவு கட்டாயம் வரும்" என்று கூறினால், அது திட்டத்தின் ஆவணத்தில் இல்லாத ஒன்றைக் கூறுவதாகும்.

ஒரே சந்தை, வெவ்வேறு விடைகள்

இந்தியப் பங்குகள் நீண்ட காலத்தில் ஆண்டுக்கு எத்தனை விழுக்காடு வளர்ந்தன என்ற வினாவுக்கு ஒரே விடை இல்லை. மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ் குறியீடு 1979 ஏப்ரலில் 100 என்ற அடிப்படை மதிப்பில் தொடங்குகிறது. 2024 மார்ச்சு இறுதியில் அது 73,651 புள்ளிகளில் முடிந்தது. இந்த 45 ஆண்டுகளில் கூட்டு வளர்ச்சி ஆண்டுக்கு ஏறத்தாழ 15.8 விழுக்காடு. விற்பனைப் பேச்சுகளில் கேட்கப்படும் 15, 16 விழுக்காடு என்பதன் பிறப்பிடம் இத்தகைய கணக்கே.

தொடக்க நாளை மட்டும் மாற்றிப் பார்ப்போம். அர்சத் மேத்தா ஊழலுக்குச் சற்று முன், 1992 ஏப்ரல் 22 அன்று சென்செக்ஸ் 4,467 புள்ளிகளில் இருந்தது. அன்று தொடங்கியவருக்கு 2024 மார்ச்சு வரையிலான கூட்டு வளர்ச்சி ஆண்டுக்கு 9.2 விழுக்காடு மட்டுமே. அதிலும் 2003 ஏப்ரலில், அதாவது 11 ஆண்டுகளுக்குப் பின்பும், குறியீடு 3,000 புள்ளிகளுக்கு அருகிலேயே நின்றது. 2008 சனவரி 8 அன்று 20,873 புள்ளிகளில் தொடங்கியவருக்கு ஏறத்தாழ 8.1 விழுக்காடு. பதினான்கு மாதங்கள் கழித்து, 2009 மார்ச்சு 9 அன்று 8,160 புள்ளிகளில் தொடங்கியவருக்கோ 15.7 விழுக்காடு. (இவை பங்காதாயத்தைச் சேர்க்காத கணக்குகள், சேர்த்தால் ஒவ்வொன்றும் ஓரளவு உயரும்.)

நால்வரும் ஒரே நாட்டில், ஒரே குறியீட்டில் பணம் இட்டவர்கள். ஒருவரது அறிவு மற்றவரது அறிவைவிட மிகுந்தது என்பதற்கு இதில் சான்று ஏதும் இல்லை. எனவே பங்கு சார்ந்த நிதி ஒன்றில் பதினைந்து ஆண்டு அளவில் பணம் இடுபவர் 12 விழுக்காடு கிடைக்கும் என்று திட்டமிடுவதைவிட, 8 முதல் 14 வரை எதுவும் கிடைக்கலாம் என்று திட்டமிடுவதே பொருத்தமானது. ஐந்து ஆண்டுக்குக் குறைவான காலம் என்றால் இந்த இடைவெளி மிகவும் விரிந்து, இழப்பையும் உள்ளடக்கிவிடும். 2020 மார்ச்சு 23 அன்று ஒரே நாளில் சென்செக்ஸ் 13 விழுக்காடு வீழ்ந்தது நினைவுகூரத்தக்கது.

சராசரியும் கூட்டு வளர்ச்சியும்

பத்தாயிரம் ரூபாய் ஓராண்டில் 50 விழுக்காடு உயர்ந்து 15,000 ஆகிறது. அடுத்த ஆண்டு 40 விழுக்காடு வீழ்ந்து 9,000 ஆகிறது. இரண்டாண்டுச் சராசரி வருவாய் ஆண்டுக்கு 5 விழுக்காடு என்று கூறலாம். கணக்கில் பிழை இல்லை. ஆனால் கையில் ஆயிரம் ரூபாய் குறைந்திருக்கிறது. ஏற்ற இறக்கம் மிகுந்த நிதியில் எளிய சராசரி எப்போதும் உண்மையான வளர்ச்சியைவிடக் கூடுதலாகவே தோன்றும். ஆகவே கூட்டு ஆண்டு வளர்ச்சி வீதத்தையே கேட்டறிய வேண்டும்.

உடையார்பாளையத்தில் இருந்து ஓர் எடுத்துக்காட்டு

உடையார்பாளையத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சப்படுத்தக்கூடிய ஒரு நெசவுக் குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அவர்களுக்கு முன் உள்ள வழிகள் பல: நகைச்சீட்டு, ஏலச்சீட்டு, அஞ்சலகத் தொடர் வைப்பு, பரஸ்பர நிதியின் மாதத் தவணைத் திட்டம். மாதத் தவணைத் திட்டத்தை எஸ்.ஐ.பி. என்று சுருக்கமாக அழைப்பர். இதற்குப் பெருந்தொகை தேவையில்லை. 2025 பிப்ரவரியில் எஸ்.பி.ஐ. பரஸ்பர நிதி 250 ரூபாய்த் தவணைத் திட்டம் ஒன்றையும் அறிமுகப்படுத்தியது.

அஞ்சலகத் தொடர் வைப்பின் வட்டி 2023 அக்டோபரில் 6.7 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அவ்வீதத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வீதம் ஐந்தாண்டுகளில் செலுத்தும் 60,000 ரூபாய், முதிர்வில் ஏறத்தாழ 71,366 ரூபாய் ஆகும். இத்தொகையில் ஐயத்துக்கு இடமில்லை.

பரஸ்பர நிதிக்கு ஐந்தாண்டு போதிய காலம் அன்று என்பதால் பதினைந்து ஆண்டுகளைக் கொள்வோம். செலுத்தும் மொத்தத் தொகை 1,80,000 ரூபாய். வருவாய் ஆண்டுக்கு 8 விழுக்காடு எனில் இறுதியில் 3,46,000 ரூபாயும், 10 விழுக்காடு எனில் 4,14,500 ரூபாயும், 12 விழுக்காடு எனில் 4,99,600 ரூபாயும் ஏறத்தாழக் கிடைக்கும். விளம்பரங்களில் கடைசி எண் மட்டுமே பெரிய எழுத்தில் இடம்பெறுவதைக் காணலாம். மூன்றும் ஒரே அளவு நிகழக்கூடியவை என்று கருதித் திட்டமிடும் குடும்பம், மகளின் கல்லூரிச் செலவுக்கு முதல் எண்ணையே நம்பும்.

மாதத் தவணையில் விலை இறங்கும்போது கூடுதல் அலகுகள் கிடைக்கின்றன என்பது உண்மை. அலகின் விலை முதல் மாதம் 20, அடுத்த மாதம் 10, மூன்றாம் மாதம் 16 ரூபாய் என்று இருந்தால், மூவாயிரம் ரூபாய்க்கு 212.5 அலகுகள் சேரும். மூன்றாம் மாத விலையில் அவற்றின் மதிப்பு 3,400 ரூபாய். விலை தொடங்கிய இடத்துக்குத் திரும்பாமலேயே ஆதாயம் கிடைத்துவிட்டது. ஆனால் மூன்றாம் மாதமும் விலை 10 ரூபாயிலேயே தங்கிவிட்டால் 250 அலகுகளின் மதிப்பு 2,500 ரூபாய். ஐந்நூறு ரூபாய் இழப்பு. தவணை முறை இழப்பைத் தடுக்கும் காப்பு அன்று. அதன் பெரிய பயன், மாதச் சம்பளமோ கூலியோ பெறுபவரின் வருமானம் வரும் விதத்தோடு அது பொருந்துகிறது என்பதே.

இவ்வெடுத்துக்காட்டில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். அக்குடும்பத்துக்கு மூன்று வட்டிக்கோ அடகுக் கடையிலோ கடன் இருந்தால், எந்த நிதியின் எதிர்பார்ப்பு வருவாயும் அதற்கு ஈடாகாது. மூன்று வட்டி என்பது நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய். ஆண்டுக்கு 36 விழுக்காடு. அக்கடனை அடைப்பதே அவர்கள் செய்யக்கூடிய மிக உயர்ந்த, ஐயமற்ற முதலீடு.

செலவு

நிதியை நடத்துவதற்கான செலவு அதன் சொத்தில் இருந்தே நாள்தோறும் கழிக்கப்படுகிறது. தனிப் பற்றுச்சீட்டு வராததால் பலர் இதனை அறிவதில்லை. பங்கு சார்ந்த திட்டங்களில் முதல் 500 கோடி ரூபாய்ச் சொத்துக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 2.25 விழுக்காடு என்று செபி 2019 ஏப்ரல் முதல் வரம்பு விதித்தது. சொத்து பெருகப் பெருக வரம்பு குறையும். முன்பு பணம் இடும்போதே பிடிக்கப்பட்டு வந்த நுழைவுக் கட்டணம் 2009 ஆகத்து 1 முதல் நீக்கப்பட்டது. முகவர் இன்றி நிறுவனத்திடமே நேரடியாக வாங்கும் திட்டப் பிரிவு 2013 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. முகவர் தரகு இல்லாததால் இதில் செலவு குறைவு.

ஒரு விழுக்காடு வேறுபாடு எவ்வளவு பெரியது? மேற்கூறிய பதினைந்து ஆண்டுத் தவணையில் 12 விழுக்காட்டுக்குப் பதில் 11 கிடைத்தால், 4,99,600 ரூபாய் 4,54,700 ஆகிவிடும். ஏறத்தாழ 45,000 ரூபாய், அதாவது மூன்றே முக்கால் ஆண்டுத் தவணைகள், செலவாகவே போய்விடுகின்றன. வருங்கால வருவாயை எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. செலவு மட்டும் முதல் நாளே அச்சில் இருக்கிறது. குறியீட்டு நிதிகளுக்கு ஆதரவாகக் கூறப்படும் முதன்மை வாதமும் இதுவே. ஜான் போகல் நிறுவிய வான்கார்டு நிறுவனம் 1976 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான முதல் குறியீட்டு நிதியைத் தொடங்கியது. தொடக்கத்தில் அது பெரிதும் எள்ளலுக்கு உள்ளானது.

உடையார்பாளையம் போன்ற ஊர்களைப் பொறுத்தவரை செலவில் ஒரு தனிச் செய்தி உண்டு. பெருநகரங்களுக்கு வெளியே பரஸ்பர நிதி பரவவேண்டும் என்பதற்காக, முதல் 30 நகரங்களுக்கு அப்பால் இருந்து போதிய அளவு பணம் திரட்டும் திட்டங்கள் 0.30 விழுக்காடு வரை கூடுதல் செலவு எடுத்துக்கொள்ளலாம் என்று செபி 2018 ஆம் ஆண்டில் அனுமதித்தது. (2012 ஆம் ஆண்டில் இருந்து இது முதல் 15 நகரங்களுக்கு அப்பால் என்று இருந்தது.) அக்கூடுதல் செலவை அந்தத் திட்டத்தில் பணம் இட்ட அனைவருமே சுமந்தனர். தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்ற ஐயத்தால் 2023 மார்ச்சு முதல் இது நிறுத்தி வைக்கப்பட்டது. சிற்றூர் முதலீட்டாளரைத் தேடி முகவர் வருவது நன்றே. அவர் வருவதற்கான கூலி யார் பையில் இருந்து போகிறது என்பதையும் அறிந்திருப்பது நன்று.

பணவீக்கமும் வரியும்

பதினைந்து ஆண்டுகள் கழித்துக் கிடைக்கும் 4,14,500 ரூபாய் இன்றைய 4,14,500 ரூபாய் அன்று. இந்தியாவில் 2016 ஆம் ஆண்டு முதல் பணவீக்க இலக்கு 4 விழுக்காடு என்றும் மேல் எல்லை 6 விழுக்காடு என்றும் வரையறுக்கப்பட்டது. மேல் எல்லையைக் கொண்டு கணக்கிட்டால், அத்தொகையின் இன்றைய வாங்கும் திறன் ஏறத்தாழ 1,69,000 ரூபாய் மட்டுமே. இது செலுத்திய 1,80,000 ரூபாயைவிடக் குறைவு என்று அதிர வேண்டியதில்லை. செலுத்திய தவணைகளும் ஆண்டுக்கு ஆண்டு மதிப்பிழந்த ரூபாய்களே. அவற்றின் இன்றைய மதிப்பு ஏறத்தாழ 1,18,500 ரூபாய். ஆகவே உண்மையான ஆதாயம் ஐம்பதாயிரம் ரூபாய் அளவில் உள்ளது. ஆதாயம் உண்டு; ஆனால் விளம்பரம் காட்டும் அளவில் இல்லை.

வரியைப் பொறுத்தவரை, ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கு சார்ந்த நிதி அலகுகளின் ஆதாயத்துக்கு 2018 ஏப்ரல் முதல் வரி மீண்டும் விதிக்கப்பட்டது. 2024 சூலை 23 முதல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, ஓராண்டில் 1,25,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஆதாயத்துக்கு 12.5 விழுக்காடு வரி. மேற்கூறிய எடுத்துக்காட்டில் 2,34,500 ரூபாய் ஆதாயத்தை ஒரே ஆண்டில் எடுத்தால் ஏறத்தாழ 13,700 ரூபாய் வரி வரும். நிதியாண்டு முடியும் மார்ச்சில் பாதியும் ஏப்ரலில் பாதியுமாக எடுத்தால், வேறு ஆதாயம் இல்லாதவருக்கு அவ்வரி எழாது. சிறு முதலீட்டாளருக்குச் சட்டமே தந்திருக்கும் இந்த வசதி பலரால் பயன்படுத்தப்படுவதில்லை.

கடன் பத்திர நிதிகள்

கடன் பத்திரங்களில் முதலீடு செய்யும் நிதிகளின் எதிர்பார்ப்பு வருவாயைக் கணிப்பது ஒப்பீட்டளவில் எளிது. பத்திரங்கள் தரும் வட்டியில் இருந்து செலவைக் கழித்தால் தோராயமான விடை கிடைக்கும். இதிலிருந்தே ஒரு விதியும் பெறப்படுகிறது: அரசுப் பத்திரங்களைவிட ஒரு கடன் நிதி பெரிதும் கூடுதலாக ஈட்டுகிறது என்றால், அது கடனைத் திருப்பித் தருவதில் ஐயம் உள்ள நிறுவனங்களுக்குக் கடன் கொடுத்திருக்கிறது.

இந்தியாவின் முதல் தனியார் பரஸ்பர நிதியான கோத்தாரி பயனியர் 1993 ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பட்டது. பின்னர் பெயர் மாறி, 2002 ஆம் ஆண்டில் பிராங்கிளின் டெம்பிள்டன் நிறுவனத்திடம் சென்றது. அந்நிறுவனம் 2020 ஏப்ரல் 23 அன்று தன்னுடைய ஆறு கடன் திட்டங்களை முடித்துக்கொள்வதாக அறிவித்தது. அவற்றில் இருந்த சொத்து 25,000 கோடி ரூபாய்க்கு மேல். கொரோனா முடக்கத்தில் பலரும் ஒரே நேரத்தில் பணத்தைக் கேட்க, தரம் குறைந்த பத்திரங்களை வாங்க ஆளில்லாமல் போனதே காரணமாகக் கூறப்பட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2021 பிப்ரவரியில் 9,122 கோடி ரூபாய் முதல் தவணையாக வழங்கப்பட்டது. அடுத்தடுத்த தவணைகளில், முடக்கப்பட்ட நாளின் மதிப்பைவிடக் கூடுதலாகவே முதலீட்டாளர்கள் இறுதியில் பெற்றனர்.

ஆக, எண்ணளவில் எதிர்பார்ப்பு வருவாய் கிடைத்துவிட்டது. 2020 மே மாதத்தில் மருத்துவமனைக்குக் கட்டவேண்டிய பணத்தை அதில் வைத்திருந்தவருக்கு அந்த எண்ணால் பயன் இருந்திருக்காது. வருவாய் எவ்வளவு என்பதோடு, வேண்டும்போது கைக்கு வருமா என்பதும் சேர்த்துக் கேட்க வேண்டிய வினாவாகும். அவசரத் தேவைக்கான தொகையை அஞ்சலகத்திலோ வங்கியிலோ தனியே வைப்பது பொதுவாக அறிவுறுத்தப்படுவதற்கு இதுவே காரணம்.

நிதியின் வருவாயும் முதலீட்டாளரின் வருவாயும்

ஒரு நிதி பத்தாண்டுகளில் ஆண்டுக்கு 12 விழுக்காடு வளர்ந்திருந்தாலும் அதில் பணம் இட்டவர்கள் அதே அளவு ஈட்டியிருப்பர் என்று கொள்ள முடியாது. விலை ஏறிய பின் பணம் குவிவதும், வீழ்ந்தபின் வெளியேறுவதும் எல்லா நாடுகளிலும் காணப்படும் பழக்கம். 2008 சனவரியில் நுழைந்து 2009 மார்ச்சில் அஞ்சி வெளியேறியவர் பணத்தில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை இழந்தார். அதே நாளில் நுழைந்து அசையாமல் இருந்தவருக்கும் முதலைத் திரும்பக் காண 2010 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதன் பின்னும் ஒரு சரிவு வந்து, குறியீடு அந்த உயரத்தை மீண்டும் கடந்தது 2013 ஆம் ஆண்டின் இறுதியில்தான்.